கேஷ் சாப்பிடப் போயிருக்கு

கேஷ் சாப்பிடப் போயிருக்கு என்கிறார்கள்.
போயிருப்பது நான்தான்.
காரைக்குடிக் கிளையில் இரண்டாம் கவுன்டர்,
கண்ணாடியில் உமையாள் என்று ஒட்டியிருந்தும்
பதினோரு வருடமாய் நான் கேஷ்.
கேஷ் லீவு. கேஷுக்குக் காய்ச்சல்.
கேஷ் இன்னைக்கு ஏனோ சிடுசிடுங்குது.

தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு நோட்டு எண்ணுகிறவள்
மத்தியானத்தில் அகராதி புரட்டுவாள்.
புரட்டினேன்.
கேஷ் என்பது முதலில் பணமில்லை, பெட்டி.
லத்தீனில் பெட்டி, இத்தாலியில் பெட்டி,
பிரான்சு தாண்டி வந்தும் பெட்டி.
இங்கிலீஷில் கொஞ்ச நாள் புழங்கியபின்
பெட்டி எங்கோ நழுவி
உள்ளே கிடந்தது பெயரை வைத்துக்கொண்டது.

மோர்ச்சோற்றோடு சிரித்தேன், புரையேறியது.
இந்த ஊர்க்காரர்கள் ரங்கூனில் கடை வைத்தபோது
கல்லாவில் உட்கார்ந்த பையனுக்குப் பெயர்
பெட்டியடி.
அவன் எந்த லத்தீனைக் கண்டான்?

இன்னொரு கேஷும் உண்டு.
அதே எழுத்து, வேறு வயிறு.
நம்முடைய காசு
போர்த்துக்கீசியன் வாயில் ஏறிக் கப்பலில் போய்
இங்கிலீஷில் சில்லறையாக இறங்கியது.
சீனத்து ஓட்டைச் செப்புக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள்.
ஒரே பெயரில் இரண்டு பாஸ்புக்.
இங்கே எட்டு சாத்தப்பன்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள்,
மாற்றி வரவு வைத்து வாங்கிக்கட்டியிருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் ஐந்நூறு குறைந்தது.

மிஷினில் மூன்று தடவை,
ஈரப்பஞ்சில் விரல் தொட்டு இரண்டு தடவை.
புதுவயல் அரிசி ஆலைக் கட்டு சரி.
ஆத்தங்குடிக் கல் பட்டறைக்காரர் சரி.
கண்டனூர் நகைக்கடன் சரி.
மேனேஜர் வாசலில் வண்டிச்சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார்.

கோட்டையூர் செல்லப்பூ நினைவுக்கு வந்தாள்.
ஆஸ்பத்திரிக்கென்று நாலாயிரம் எடுத்தாள்,
புது நோட்டு, ஒன்றோடொன்று ஒட்டும்.
எண்ணாமல் ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு ஓடினாள்.
போன் நம்பர் ஸ்லிப்பிலேயே இருந்தது.
ஸ்லிப்பைக் கட்டோடு சேர்த்து நூல் போட்டேன்.

பழைய தமிழில் காசு என்றால் குற்றம் என்றும் பொருள்.
மணியில் இருக்கும் கீறல் மாதிரி.
ஸ்லிப் என் கையில்தானே இருந்தது?
கைப்பையைத் திறந்து என் ஐந்நூறை வைத்தேன்.
'குறைவு சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
மேனேஜர் கேட்டார், எங்க இருந்துச்சு?
டிராயர் இடுக்கில் என்றேன்.

எம்.ஏ.வில் நெட்டுருப் போட்டது:
நாள், மலர், காசு, பிறப்பு.
வெண்பா எதுவானாலும்
இந்த நாலில் ஒன்றில்தான் முடியவேண்டும்.
நாள் முடிந்திருந்தது.
மலர், காலையில் வைத்தது, தலையில் வாடிக் கிடந்தது.
பிறப்பைப் பற்றி இப்போது வேண்டாம், ஆறரைக்குப் பஸ்.

பெட்டகத்துக்கு இரண்டு சாவி.
அவர் ஒன்று திருப்பினார், நான் ஒன்று.
கதவை இழுத்துப் பார்த்துவிட்டு
கடைசியாக வெளியில் போட்டோம்
பூட்டு.
அலகிட்டுப் பாருங்கள், அதுவும் காசு.