பக்கம் 93 முதல்

எங்கள் நூலகத்துக்குத் தனி அறை கிடையாது.
தரம் ஏழுக்கும் சங்கீத வகுப்புக்கும் நடுவில்
இரண்டு அலுமாரியைத் திருப்பிப் போட்டால் அதுதான் நூலகம்.
ஒலிப்பதிவுக்கூடம் இன்னும் சின்னது.
மேசைக்கடியில் பழைய மேடைத் திரையைத் தொங்கவிட்டு
அனுஷியா டீச்சரின் ஃபோனை
அகராதியில் சாய்த்து வைத்தால் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை இடைவேளையில் பதிவு.
அது மழைக்கும் தெரியும்.
பொகவந்தலாவைத் தகரத்தில் அது இறங்குகிற நேரம் பார்த்துத்தான்
யாராவது தொண்டையைச் செருமி
"வணக்கம் நேயர்களே" என்பார்கள்.

நான் பேசுவதில்லை. வெட்டுவேன்.
இருமலை, நாற்காலி இழுபடுவதை,
பக்கத்து வகுப்பில் தடுக்கி விழும் பஞ்சமத்தை,
கொழுந்து லொறியின் ஹோர்னை,
"ஐயோ, மறந்துட்டேன்" என்பதை.
திரையில் குரல் ஒரு மலைத்தொடர்.
அது தட்டையாகும் இடமெல்லாம்
என் விரலுக்குத் தீனி.

ஆறாம் பாகத்தில் விதுர்ஷன்,
கலங்கரை விளக்கில் தனியே இருக்கும் ஒருத்தியின் கதையோடு.
"கடல் வந்து" என்றான்.
நிறுத்தினான்.
"கடல் வந்து..."
ஒன்பது விநாடி.
"நான் பார்த்ததில்ல. மேல் டிவிசன்ல பனி மூடும்ல,
அதுக்குள்ள இருந்து யாரோ கூப்பிடுற மாதிரி
இருக்கும்னு நினைக்கிறேன்."

ஒன்பதையும் வெட்டினேன். வழுக்கிக்கொண்டு ஓடியது பேச்சு.
கேட்டுவிட்டுச் சொன்னான்:
"இது நான் இல்லக்கா.
இந்தப் பையன் கடலைப் பார்த்திருக்கான்."

அன்று பின்னேரம் முழுக்க
நீக்கியதைத் தேடித் திரும்ப ஒட்டினேன்.
எட்டரை விநாடிதான் கிடைத்தது.
மிச்சம் எங்கே போனதோ.

அந்தப் பாகத்தின் முடிவில் அவன் ஒன்று கேட்டிருந்தான்:
"தொண்ணூற்றிரண்டுக்குப் பிறகு இதுல பக்கம் இல்ல.
ஈரம் தின்னுட்டு.
அந்த அக்கா கடைசியில விளக்க ஏத்துனாங்களா?
தெரிஞ்சவங்க சொல்லுங்க."

கேட்டவர்கள் பத்தொன்பது.
அதில் ஆறு நானே, சரிபார்க்கக் கேட்டது.
ஒன்று விதுர்ஷனின் அப்பா,
கொழும்புச் சாப்பாட்டுக்கடையின் பின்கட்டில்
வெங்காயம் உரித்துக்கொண்டே.
மற்றவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது.

மூன்று கிழமை கழித்து டீச்சரின் ஃபோனுக்கு ஒரு குரல் வந்தது.
"என் பேர் சுபாங்கினி. ஹப்புத்தளை.
எங்க ஸ்கூல்ல அந்தப் புத்தகம் முழுசா இருக்கு.
இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்ல,
நான்தான் முதல்."
பிறகு தொண்ணூற்று மூன்றிலிருந்து வாசித்தாள்,
நிறுத்தற்குறியை எல்லாம் விழுங்கிக்கொண்டு.
பின்னால் காற்று, யன்னலைப் பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி.
தொண்ணூற்றைந்தில் "இருங்க" என்றாள்.
காற்று மட்டும்.
மறுபடி வாசித்தாள், கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

டீச்சர் என்னைப் பார்த்தார்.
"காற்று கூடத்தான், என்ன செய்வோம்?"
நான் மடிக்கணினியை மூடிவிட்டேன்.

விளக்கு எரிந்ததா என்று இங்கே சொல்ல மாட்டேன்.
ஏழாம் பாகத்தைக் கேளுங்கள்.

இப்போது அந்தப் புத்தகத்தின் பின் அட்டையில் ஒரு துண்டு:
"பக். 93–96: பொட்காஸ்ட், பாகம் ஏழு,
நாலாவது நிமிடத்திலிருந்து."
பதிவேட்டில் 'சேதம்' என்றிருந்ததை டீச்சர் அடித்துவிட்டார்.
பதிலுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை போலும்,
அந்தக் கட்டம் வெறுமையாய்க் கிடக்கிறது.

நேற்று தரம் ஆறுப் பிள்ளை ஒன்று
துண்டின் மேல் விரல் வைத்து
"வீட்ல டேட்டா இல்லக்கா" என்றது.
மேசைக்கடியில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது.
இயர்போனில் ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு.
வெளியே எங்கள் மழை, உள்ளே அவர்கள் காற்று.
தொண்ணூற்றைந்து வந்தது.

"நின்னுருச்சாக்கா?"

"இல்ல.
இரு."