கால் பேர்ச்

"வாகனம் விட இடமிருக்கு" என்றார் உதுமாலெவ்வை மாஸ்டர்.
முற்பணத்தை எண்ணி முடித்த பிறகு
கேற்றைத் திறந்து காட்டினார்.
இருந்தது.
அதில் ஒரு வானும் இருந்தது,
நீலத் தறப்பாள் போர்த்தி
நாலு டயரும் மண்ணோடு தட்டையாகி.

"மகன்ட. கட்டாரில நிற்கிறான்.
வந்ததும் எடுத்திருவான்."
எப்போது வருவார் என்று கேட்டேன்.
தறப்பாளுக்குள்ளிருந்து
ஒரு பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு இறங்கிப் போனது.

ஒப்பந்தத்தில்
தண்ணீர்க் காசு, கரண்ட் காசு,
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது,
எல்லாம் எழுதியிருந்தது.
காருக்கு ஒரு வரி இல்லை.

எனக்கு நில அளவைக் கந்தோரில் வேலை.
பகலெல்லாம் முக்காலியைத் தூக்கிக்கொண்டு
ஊரார் எல்லையை அளக்கிறேன்.
சீதனக் காணி, பங்கு வயல்,
அரை அடிக்காக
ஒருவர் முகம் ஒருவர் பாராத அண்ணன் தங்கை.
நடுவில் குனிந்து கல் நடுவேன்.

ஒரு பேர்ச் என்றால்
இருநூற்று எழுபத்திரண்டேகால் சதுர அடி.
என் காரின் நீளம் பதினொன்றரை, அகலம் ஐந்து,
கதவு திறந்து நான் இறங்க இன்னும் ஒன்று.
ஆகக் கால் பேர்ச்.
பொழுதுபட்டால்
கல்முனை முழுக்க அதைத் தேடுகிறேன்.

பாமசி வாசலில்
பத்து மணிக்கு ஷட்டர் இறங்கிய பின் விடலாம்,
இடியப்பக் கடைக்காரர் வருமுன் எடுத்துவிட வேண்டும்.
பள்ளிவாசல் மதிலோரம் வெள்ளிக்கிழமை ஆகாது.
மண்டபத்தடி முகூர்த்த நாளில் ஆகாது.
தென்னைக்குக் கீழே மட்டும் எப்போதும் வெறுமை.
முதல் நாள் மகிழ்ந்து போய் விட்டேன்.
விடியக் காலை பொனற்றைப் பார்த்ததும்
காரணம் விளங்கியது.

சப்பாத்துப் பெட்டி மூடியைக் கிழித்து
போன் நம்பரை எழுதிக் கண்ணாடியடியில் வைத்தேன்.
அன்றிரவே,
"தங்கச்சி, லொறி கிறுக ஏலாமக் கிடக்கு."
துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன்.
மறுநாள் ஒரு சிறுவன்,
"உங்கட காருக்கடியில எங்கட பந்து."
பிறகு சம்சுநிஹார் என்றொருவர்,
"கார் நிற்கட்டும் பரவாயில்ல,
நீங்க காணி அளக்கிற ஆள்தானே,
எங்கட எல்லைக் கல்லை இரவோட இரவா
ஆரோ தள்ளிப் போட்டிருக்கிறாங்க…"
பெயர் தெரியாத ஒழுங்கைக்கெல்லாம்
என் நம்பர் தெரிந்தது.

ஒரு ஞாயிறு
கை சும்மா இராமல் வளவை அளந்தேன்.
வானைக் கிணற்றுப் பக்கம் இரண்டரை அடி தள்ளினால்
பக்கக் கண்ணாடியை மடித்து என் கார் நுழையும்.
கடதாசியில் கீறிக் காட்டினேன்.
மாஸ்டர் நெடுநேரம் பார்த்தார்,
கணக்குப் பிழையா என்று பார்ப்பவர் போல.
"சரியாத்தான் கீறியிருக்கிறீங்க.
அது கிடக்கட்டும் மகள்,
அவன் விட்ட இடத்திலயே."
நாடாவைச் சுருட்டினேன்.

அந்தக் கிழமைதான்
வெளிநாட்டு நம்பரிலிருந்து அழைப்பு.
என் காரைத் திட்டி
யாரோ குடும்பக் குறூப்பில் படம் போட்டிருக்கிறார்கள்,
அதில் அட்டையும் நம்பரும்.
"நான் றிப்கான், மாஸ்டர்ட மகன்.
அந்த வானைப் பழைய இரும்புக்காவது குடுத்திருங்க.
நான் இனி அங்க வாறதா இல்ல.
வாப்பாக்கிட்ட இன்னும் சொல்லல்ல.
நீங்களும் சொல்லாதீங்க."
சொல்லாமல் எப்படிக் கொடுப்பது?
கேட்குமுன் வைத்துவிட்டார்.

விடிய எழும்பிப் பார்க்கிறேன்.
மாஸ்டர் ஈர்க்கில் கட்டோடு
வானைச் சுற்றிக் கூட்டுகிறார்.
குனிந்து
ஒவ்வொரு டயருக்கும் கீழே இருந்து சருகு எடுக்கிறார்.

இன்றைக்கும் மழை.
பாமசிக்கு எதிரே
ஷட்டர் இறங்கும்வரை இஞ்சினை நிறுத்தாமல் இருந்தேன்.
வீட்டுக்கு நடந்து வர
செருப்புக்குள் கான் தண்ணீர்.
கேற்றடியில் குடையோடு அவர்.

"இடம் கிடைச்சதா மகள்?"

கிடைத்தது என்றேன்.