பாதிப் படுக்கை

ஹெஸ்ஸலை நான் அறிந்ததெல்லாம்
அவன் விட்டுப்போன சூட்டில்தான்.

நான்கு மணி நேரம் அவனுக்கு, நான்கு மணி நேரம் எனக்கு.
பதினெட்டுப் பேருக்கு ஒன்பது படுக்கை.
நான் ஈர உடையைக் கழற்றும்போது
அவன் ஈர உடைக்குள் புகுந்துகொண்டிருப்பான்.
சிவப்பு விளக்கில் இருவருக்கும் முகம் கிடையாது.
"காற்று முப்பத்தெட்டு. பெரிய பாயை ஒரு மடிப்பு குறைத்திருக்கிறோம்.
ஏணியடியில் வாளி, கால் வைத்துவிடாதே,
எம்ரிஸுக்கு இன்னும் குமட்டுகிறது."
இவ்வளவுதான் எங்கள் குடும்பப் பேச்சு.

கேப்டவுனிலிருந்து புறப்பட்டுப் பதினோராவது நாள்.
நாலு நாளாக வேறு படகு கண்ணில் படவில்லை.
போட்டி என்பது ஆறு மணிக்கொருமுறை வரும் ஓர் எண்:
ஆறாவது, ஆறாவது, ஏழாவது, ஆறாவது.

கிரிம்ஸ்பியில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை.
பத்தொன்பது வருடம் இடப்பக்க இருக்கை.
அடுத்தவர் பிழைக்கென்று
என் காலடியில் தனியாக ஒரு பிரேக்.
அந்தக் காரை விற்றுத்தான் இங்கே பணம் கட்டினேன்.
இப்போது அலை எங்களை முதுகிலேற்றி
மறுபக்கம் உருட்டிவிடும்போதெல்லாம்
வலது கால் தானாகப் பலகையை அழுத்துகிறது.
ரோனா ஒருமுறை பார்த்துவிட்டாள்.
கேப்டன். வயது இருபத்தொன்பது. படகில் சம்பளம் வாங்கும் ஒரே ஆள்.
"வேகம் பிடிக்கவில்லையா?"
பிடிக்கிறது என்றேன்.
அதுதான் பயம் என்று சொல்லவில்லை.

இந்த வீட்டில் நேராக நிற்பது அடுப்பு மட்டும்.
மற்ற எல்லாம் சாய்வு:
கஞ்சி கிண்டும் ஆள், கஞ்சி வாங்கும் ஆள், கழிப்பறையில் பிரார்த்திக்கும் ஆள்.

படுக்கைப் பையில் ஹெஸ்ஸலின் சோம்பு பிஸ்கட் துகள்.
கால் பக்கம் அவன் உயரத்துக்கு இழுபட்ட துணி.
ஹார்லிங்கனில் வரி அதிகாரியாம்.
அந்த ஊரில் யாரும் அவனை டீ குடிக்கக் கூப்பிடுவதில்லையாம்.
இதையும் எம்ரிஸ்தான் சொன்னான், வாளிக்கு மேலிருந்து.

அன்று இரவு இரண்டு மணிக்கு
காவல் முடிந்து இறங்கிக் கை வைத்தேன்.
குளிர்.

துணி மடித்தது மடித்தபடி.
மேலே போன முக்காடுகளில் அவன் இருந்தானா?
நான் எண்ணினேனா?
வெளியே அந்தக் கருப்புக்கு ஒருவனை விழுங்க
எத்தனை நொடி ஆகும் என்று
முதல் நாள் பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள்.
ஈரக் காலுறையோடு சுவரைப் பிடித்துப் பிடித்து
அணியம் வரை போனேன். பெயரைக் கூப்பிட வாய் வரவில்லை.

அங்கே கூரை முட்டக் கிழிந்த பலூன் பாய்.
அதன் மடிப்புக்குள் இரண்டு நீளக் கால்கள்.
ஓய்வு நேரம் முழுக்கத் தைத்திருக்கிறான்.
கணக்குப் புத்தகக் கோடு மாதிரி நேரான தையல்,
கடைசி ஒரு சாண் மட்டும் எங்கேயோ போகிறது.
ஊசி விரலிடுக்கில். வாய் திறந்திருந்தது.
ஹெஸ்ஸல் குறட்டை விடுவான் என்பது
அதுவரை எனக்குத் தெரியாது.

ஊசியை மட்டும் எடுத்துப் பத்திரப்படுத்தினேன்.
ஈர உடையை மறுபடி மாட்டிக்கொண்டு மேலே போனேன்.
ரோனா விளக்கை முகத்தில் அடித்தாள்.
"நீ ஹெஸ்ஸல் இல்லையே."
"ஆறு மணி வரைக்கும் ஹெஸ்ஸல்தான்."
சுக்கானைக் கொடுத்தாள்.
அலை தூக்கியது. கால் அழுத்தியது.
அழுத்திக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

விடியும்போது ஏணியில் எதிரே வந்தான்,
கன்னத்தில் தையல் தடத்தோடு.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான்.
"காற்று இருபத்திரண்டு," என்றேன்.
கொஞ்சம் யோசித்து, "பாய் தயார்," என்றான்.
"வாளி?"
"எம்ரிஸ் கஞ்சி குடித்துவிட்டான். இரண்டு கிண்ணம்."

படுக்கை வரை நடக்கத் தெம்பில்லை.
அவன் கிடந்த இடத்திலேயே விழுந்தேன்.
இன்னும் ஆறவில்லை.

ஏழு மணிக்கு ஏற்ற வேண்டுமென்று
அந்தப் பாயை என் அடியிலிருந்து உருவினார்கள்.