உள்வாடகை

கணக்கில் எட்டுக் கணினிகள்.
அறையைத் திறந்தால் ஒன்றுதான்:
கறுப்புப் பெட்டி, முதுகெல்லாம் உமித்தூசி.
நீடாமங்கலம் அரவை ஆலையில்
கொதிகலனுக்கும் சாக்கு அடுக்குக்கும் நடுவே
ஏசி ஓடுகிற ஒரே அறை.
அதனால் மேனேஜர் கலியமூர்த்தி
மதியச் சாப்பாட்டை அங்கேதான் பிரிப்பார்.
ரசம் சிந்தாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலை,
ஆர்டரில் எழுதவில்லை.

மெய்நிகர் எந்திரம் என்று படித்துவிட்டு வந்தேன்.
அவர் வைத்த பெயர் உள்வாடகை.
சம்பளத்துக்கு ஒரு குடி, ஜிஎஸ்டிக்கு ஒரு குடி,
கேமராவுக்கு, வருகைப் பதிவுக்கு,
எதற்கென்றே தெரியாமல்
நிறுத்தினால் மட்டும் யாரோ கத்துகிற ஒன்று.

எடைமேடைக்கு உள்ளது எல்லாவற்றிலும் கிழடு.
பழைய விண்டோஸ் தவிர எதிலும் நிற்காது.
எழுதிக் கொடுத்த ஈரோட்டுக் கம்பெனி
இப்போது செருப்புக் கடை.
அசல் பெட்டி புகைந்து செத்த அன்று
டிஸ்க்கை உருவி ஒரு கோப்பாக்கி
சர்வருக்குள் வைத்து எழுப்பினேன்.
கண் விழித்ததும் கேட்டது,
பிரிண்டர் எங்கே என்று.
தான் செத்தது அதற்குத் தெரியாது.
நானும் சொல்லவில்லை.

இருக்கிற நினைவகம் அறுபத்து நான்கு.
எட்டுப் பேருக்கும் நான் வாக்குக் கொடுத்தது தொண்ணூற்றாறு.
எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்காதவரை
அது பொய் ஆகாது.
வாய்க்காலில் முறை வைக்கிற மாதிரி சார், என்றேன்.
அவருக்குக் கோரையாற்றின் கடைசியில்,
முத்துப்பேட்டைப் பக்கம், நாலு மா.
"முறையெல்லாம் தலைமடைக்காரன் பேச்சும்மா"
மோரை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

குறுவை அறுவடை.
லாரி வரிசை ரயில்வே கேட்டைத் தொட்டிருந்தது.
மாசியில் ஒரு அப்டேட்டுக்குப் பயந்து
நான் எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்,
அழிக்க மறந்தது,
ஏழு மாதமாக ஒவ்வொரு மூட்டையின் எடையையும்
தின்று பருத்துக்கொண்டிருந்தது,
மதகடியில் ஆகாயத்தாமரை மண்டுவது போல
சத்தமே இல்லாமல்.

இரவு இரண்டு பத்துக்கு டிஸ்க் நிரம்பியது.
எட்டும் ஒரே மூச்சில் நின்றன.

கூத்தாநல்லூரிலிருந்து அத்தா
லுங்கியோடு வண்டியை எடுத்துக் கொண்டுவந்து விட்டார்.
வாட்ச்மேனிடம் சாவி இல்லை.
சாவி வந்தபோது அறை அடுப்பாகியிருந்தது,
ஏசியும் எப்போதோ நின்றிருக்கிறது.
இடம் வேண்டும், கொஞ்சம் இடம்.
தேடித் தேடி, கடைசியில்
பத்திரம் என்று பூட்டி வைத்திருந்த
அந்தச் செத்த பெட்டியின் முதல் நகல்,
நாற்பது ஜிபி,
அதை அழித்தேன். விரல் ஒரு நொடி நின்றது.

ஐந்தே முக்காலுக்கு எல்லாம் எழுந்தன.
எழுந்த இடத்திலிருந்தே நடந்தன.

சவரிமுத்து சீட்டோடு ஜன்னலுக்கு வந்தார்.
பாரத்தோடு எடை: இரண்டு ஒன்பது.
வெறும் வண்டி எடை: இரண்டு பன்னிரண்டு.
"இருநூத்தி எம்பது மூட்டைய
மூணு நிமிஷத்துலயா இறக்குனேன்?"
அவர் பின்னால் நின்ற லோடுமேன்கள் சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை.
காத்திருப்புப் படி அந்தச் சீட்டை வைத்துத்தான்.

கடிகாரத்தைத் திருத்திவிட்டேன்.
வரிசை எண் விழுந்த சீட்டைத்
திரும்ப அடிக்க அந்தக் கிழட்டு நிரல் விடாது.
பேனாவை எடுத்து
5.48 என்று மேலே எழுதி
மெஹர்பானு என்று முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டேன்.
செல்லுமா என்று கேட்டார்.
தெரியாது அண்ணே, என்றேன்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஸ்னாப்ஷாட்டைக் கரைக்கப் பகல் முழுக்க ஆனது.
சாப்பாட்டு நேரத்தில் கலியமூர்த்தி வந்து
திரையை எட்டிப் பார்த்தார்.
எவ்வளவு?
அறுபத்தொன்று சதவீதம், சார்.
"எங்க வயலுக்கு அதுகூட வரலம்மா"
சொல்லிச் சிரித்தவர் கை ஆடி
ரசம் மேசையில் ஓடியது.
நான் முதலில் ஒயரைத் தூக்கினேன்.