ஏரியின் பெயர்: கரிமேடு

கரிமேடு மீன் மார்க்கெட்டில் விடிகாலை நாலு மணி.
ஐஸ் லாரியின் பின்கதவு திறந்ததும்
சின்னதாய் ஒரு குளிர் இறங்கி வந்து
சித்திரைப் புழுக்கத்தில் வழி தெரியாமல் நிற்கிறது.

பீர்முகமது கொக்கியால் இழுத்துப் போட்ட பாரில்
உமி ஒட்டியிருக்கிறது, சணல் நாரும்.
"படிப்புக்குன்னா காசு வேணாம்,
எறாலுக்குன்னா நூத்தியெம்பது."

தை மாதம் நான் போகவேண்டிய ஏரி
பதினாலாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது.
அதன்மேல் லாரி போகுமாம்.
எந்த நாள்வரை போகும் என்று சொல்ல
துளைபோட்டு, உருளை எடுத்து,
நீளம் பார்த்து, விட்டம் பார்த்து, நிறுத்து,
வகுத்து எழுத வேண்டும்.
தண்ணீர் ஆயிரம் என்றால்
உறைந்தது தொள்ளாயிரத்துப் பதினேழு.
குறைகிற எண்பத்து மூன்றில்தான் மிதக்கிறது ஏரியின் மூடி.
அங்கே அதற்குக் கீழே மீன்கள் நீந்துகின்றன.
இங்கே அதன்மேல் படுத்திருக்கின்றன,
கண் திறந்தபடி.

முதல் உருளை: விட்டம் ஒன்பது, நீளம் இருபது.
விளமீன் நிறுக்கும் தராசில் வைத்தேன்.
ஆயிரத்து நூற்று முப்பத்திரண்டு கிராம்.
வகுத்தால் புள்ளி எட்டு ஒன்பது.
குறையுதே, என்றேன்.
நடுவில் பால்போல் வெளுத்த தண்டைக் காட்டினார்:
"உள்ள காத்து. அவசரமா உறைஞ்சா அப்பிடித்தான்.
கண்ணாடி மாதிரி வேணும்னா ரெண்டு நாள் பொறுக்கணும்."

இரண்டாவது: புள்ளி எட்டு ஏழு.
மூன்றாவதை அளந்து முடிக்கும்போது
வஞ்சிரத்துக்குத் தராசு வேண்டும் என்றார்கள்.
கொடுத்து, திரும்ப வாங்கி நிறுத்தால்
புள்ளி எட்டு நாலு.
அளந்தது ஓர் ஐஸ்,
நிறுத்தது வேறொன்று.
இடையில் இருந்தது
மணிக்கட்டு வழியாக முழங்கைக்குப் போய்
என் சட்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பயிற்சித் தாளை நிரப்பினேன்.
ஏரியின் பெயர்: கரிமேடு.
மேற்பனியின் ஆழம்: இரண்டு விரல், உமி.
காற்று: இல்லை.
வெப்பநிலை: முப்பத்தொன்று, விடியும் முன்பே.
ஆள் பாரம் தாங்குகிறதா?

கேள்வியை உரக்கப் படித்துவிட்டேன் போல.
நண்டுக் கூடையை இறக்கிவிட்டு சகாயமேரி
செருப்பைக் கழற்றினாள்.
சேலையைக் கணுக்காலுக்கு மேல் பிடித்துக்கொண்டு
மூன்று துளை விழுந்த பாரின்மேல் ஏறி நின்றாள்.
பீர்முகமது எண்ணினார்.
மீன் வெட்டுகிறவர்களும் சேர்ந்து எண்ணினார்கள்.
ஒன்பதில் "ஆத்தாடி" என்று குதித்தாள்.

தாங்குகிறது, என்று எழுதினேன்.
பாரில் இரண்டு பாதம் பதிந்திருந்தது,
பத்து விரலும் தனித்தனியாக.
தாளில் அதற்குக் கட்டம் இல்லை.