மூன்றேகால் மணிக்கு

தீ அபாய மணி அலறுகிறது.
நான்காம் மாடியில் யாரோ ரொட்டியைக் கருகவிட்டிருக்கிறார்கள்.
இந்த மாதத்தில் இது ஐந்தாவது.
மஞ்சள் அங்கியை மாட்டிக்கொண்டு
பெயர்ப்பட்டியலோடு புல்வெளிக்கு ஓடுகிறேன்.
அபெரிஸ்ட்வித் கடற்காற்று காதைப் பிய்க்கிறது.
இருநூற்றுப் பன்னிரண்டு அறைகள்.
இருநூற்றுப் பன்னிரண்டு குளியலறைகள்.

இதே இடத்தில் அம்மா படுக்கை விரித்தாள்.
அன்றைக்குப் பெண்கள் விடுதி.
ஆண் யாராவது தேநீருக்கு வந்தால்
கட்டிலை வெளியே தள்ளிவிட வேண்டும்;
விதி.
ஞாயிறு மாலை தாழ்வாரம் நெடுகக் கட்டில்கள்,
ஆஸ்பத்திரி மாதிரி.
"ஏன், தரை இல்லையாமா?"
என்று சிரிப்பாள் அம்மா,
வார்டன் மிஸ் ப்ராதெரோ காதில் விழாமல்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது
கட்டில்கள் உள்ளே போயிருந்தன,
பையன்களும்.
அறைக்கு இருவர். மாடிக்கு ஒரு தொலைபேசி.
எடுத்தவன் கத்துவான்:
"இட்ரிஸ்! உன் அம்மா!"
ஒன்பது கதவுகள் திறக்கும்.
யாருக்குக் காதல் முறிந்தது,
யார் வீட்டிலிருந்து பணம் வரவில்லை,
எல்லாம் அந்தச் சுருள் கம்பிக்குத் தெரியும்.
ஹீட்டர் ஐம்பது பென்னி தின்னும்.
காசு தீர்ந்த பிப்ரவரியில்
ஒரே அறையில் ஏழு பேர் போர்த்திக்கொண்டு கிடந்தார்கள்.
நன்றாயிருந்தது என்று சொல்லமாட்டேன்.
சுவரெல்லாம் பூஞ்சை.
ஒருவன் நெஞ்சு கட்டி ஆம்புலன்சில் போனான்.

பிறகு இடித்தார்கள்.
எந்த ஊரிலோ இருக்கும் கம்பெனி இதைக் கட்டியது.
ஆளுக்கொரு கதவு, ஆளுக்கொரு அடுப்பு.
கடல் தெரியும் ஜன்னலுக்கு
வாரம் இருபது பவுண்டு கூடுதல்.
சாப்பாடு சைக்கிளில் வருகிறது,
வாசலில் உட்கார்ந்து ஆறுகிறது.
மார்ச்சில், 318ஆம் அறை மாரெட்
பதினோரு நாள் வெளியே வரவில்லை.
கதவுக் கணினிக்குத் தெரிந்திருந்தது.
அதனிடம் யாரும் கேட்கவில்லை.

இதோ, எல்லோரும் வெறுங்காலோடு.
தலையில் ஷாம்பு நுரையோடு ஒருத்தி.
மீன்தொட்டியைத் தூக்கி வந்திருக்கிறான் ஒருவன்.
கருக்கியவன் ரொட்டியைக் கையில் வைத்திருக்கிறான்,
சாட்சிப் பொருள் போல.
மாரெட்டும் நிற்கிறாள்.
யாருடைய போர்வையிலோ பாதி அவள் தோளில்.
"எந்த மாடி நீ?"
"உன் பக்கத்து அறை."
"இல்லவே இல்லை!"

மணி ஓய்ந்துவிட்டது.
திறப்பதற்கான அட்டை என் கழுத்தில் தொங்குகிறது.
எண்ணிப் பார்த்தேன்: இருநூற்றுப் பன்னிரண்டு.
சரியாக இருக்கிறது.

தொண்டையைச் செருமிக்கொண்டு
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.