நீளம் பதினான்கு

மழை வலுத்தால் மிஷன் வீதியில்
எங்கள் மருந்துக்கடைப் படி வரைக்கும் தண்ணீர் ஏறும்.
செருப்பைக் கையில் பிடித்தபடி
அதில் நடந்து வந்தார் மதாம் ஜிஸ்லேன்.
கைப்பைக்குள் ஒரு மாத்திரைப் பெட்டியின் கிழிசல்.
பெயர் இருந்த பக்கம் நனைந்து கூழாகிவிட்டது.
மிச்சம் கறுப்புக் கோடுகளும்
பதின்மூன்று இலக்கமும்.

"துலூஸிலிருந்து தங்கை அனுப்புவாள்.
காலையில் ஒன்று. பேர் வாயில் வரவில்லை.
அவளைக் கேட்கலாமென்றால்
அங்கே இன்னும் விடியவில்லை."

பிரெஞ்சு மருந்துப் பட்டியல், எட்டாயிரத்துச் சொச்சம் வரி,
எங்கள் கணினியில் உண்டு. நான் ஏற்றியதுதான்.
அமலோற்பவம் வாசிக்க வாசிக்க அடித்தேன்:
முப்பத்துநாலு, சைபர் சைபர் ஒன்பது, முப்பது...
பதிவு இல்லை.

ஆறா எட்டா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம்.
இடம் விட்டு அச்சடித்திருந்ததை
நெருக்கி அடித்தோம்.
பழைய ஏழு இலக்க முறையோ என்று
தலையையும் வாலையும் வெட்டி அடித்தோம்.
பதிவு இல்லை, பதிவு இல்லை என்றது,
மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும்
முனிசிபாலிட்டி ஜன்னல் போல.

மேசையடியில் பெயர் தெரிந்த பெட்டி ஒன்று கிடந்தது,
காலாவதியான பாராசிட்டமால்.
அதன் எண்ணை அடித்தேன்.
அதுவும் இல்லையாம்.
அப்போதுதான் வயிற்றைப் பிசைந்தது.
கோளாறு மதாம் கையில் இல்லை.

அட்டவணையைத் திறந்தேன். எண் பத்தியில்
3.40093E+12
அடுத்த வரியில்
3.40093E+12
நெஞ்சுவலிக்கும் அதுதான், மூலத்துக்கும் அதுதான்,
குழந்தையின் இருமலுக்கும்
குழந்தை வேண்டாம் என்பதற்கும் அதுதான்.
ஜூன் மாதம், தலைப்பைக் கொட்டை எழுத்தாக்கலாமென்று
எக்செல்லில் திறந்து, கேட்ட கேள்விக்கெல்லாம்
சரி சரி என்று அமுக்கிச் சேமித்தது நான்.
டீ வந்திருந்தது அன்று.

எங்கள் கடன் கணக்கில் மதாமே மூன்று பேர்.
ஜி-யில் ஒரு ஜிஸ்லேன். கி-யில் ஒரு கிஸ்லேன்.
த-வில் தர்மலிங்கம்; அது அவர் அப்பா,
பிரெஞ்சுத் தாளில் ஏறிக் குடும்பப் பெயராகிவிட்டார்.
மூவர் பாக்கியையும் கட்டுவது இவர்தான்.

பழைய பென்டிரைவில் மூலக் கோப்பு கிடைத்தது.
இந்தப் பத்தி எண் அல்ல, எழுத்து
என்று சொல்லி ஏற்றினேன்.
கூட்டவோ கழிக்கவோ யாரும் போவதில்லையே.
பதின்மூன்றும் வரிசையாக வந்து நின்றன.
கண்ணெதிரே இருக்கிறது அந்த எண். தேடினேன்.
பதிவு இல்லை.

"இரண்டு நாளாகப் போடவில்லை" என்றார் மதாம்,
யாரிடமும் சொல்லாதது போல.

அந்த ஒரு வரியின் நீளம் என்ன என்று கேட்டேன்.
பதினான்கு என்றது கணினி.
விரலை வைத்து எண்ணினோம். பதின்மூன்று.
அமலோற்பவம் வலமிருந்து எண்ணினாள். பதின்மூன்று.
வாலில் ஏதோ ஒன்று, கண்ணுக்குப் படாமல்
இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு.
சாதாரண வெற்றிடமும் இல்லை,
ஸ்பேஸ் தட்டித் தேடினால் அகப்படாது;
ஆச்சரியக்குறிக்கு முன்னால் பிரெஞ்சுக்காரர்கள்
மரியாதையாக விடுகிறார்களே, அந்த இடைவெளி.
எட்டாயிரம் வாலையும் ஒரே கட்டளையில் நறுக்கினேன்.

லெவோதைராக்சின். எழுபத்தைந்து மைக்ரோகிராம்.
வெறும் வயிற்றில்.

என் முதுகுக்குப் பின்னால், மூன்றாம் தட்டில்,
நம் ஊர்க் கம்பெனிப் பெட்டி.
ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்காவது
திரும்பிப் பார்க்காமலே எடுத்துக் கொடுப்பது.

அந்நேரம் கைப்பேசி அடித்தது. துலூஸில் விடிந்துவிட்டது.
தங்கை எழுத்தெழுத்தாகப் பெயரைச் சொல்ல
மதாம் என்னைப் பார்த்துக்கொண்டே
முதல்முறை கேட்பவர் போல
"வுய், வுய்" என்றார்.

டாக்டரிடம் ஒரு வார்த்தை காட்டிவிடுங்கள் என்றேன்.
பில் போடக் கணினி பெயர் கேட்டது.
விரல் ஜி-க்கும் கி-க்கும் நடுவில் நின்றது.

"த-விலேயே போடு" என்றார்,
செருப்பைக் கையில் எடுத்தபடி.
"இன்றைக்கு அப்பா கட்டட்டும்."